வீடு காலிதான், உனக்கு மட்டும் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் கோபப்படாமல் படியுங்கள். வீடு தேடுகிறவர்கள் கடைசி வரை படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். மாற்றலாகி எங்கள் ஊருக்கே வந்திருக்கிறான். மனைவி, கைக்குழந்தை. "டீச்சர், உங்க பக்கம் வீடு இருந்தா சொல்லுங்க" என்று போன் செய்தான். அடுத்த தெருவில் ஒரு மாடி வீட்டில் டூலெட் போர்டு தொங்கியது. போய்ப் பார்க்கச் சொன்னேன்.

வீட்டுக்காரர் நன்றாகத்தான் பேசினாராம். வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். சம்பளம் கேட்டார், சொன்னான். சொந்த ஊர் எது என்றார், சொன்னான். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்றார். பிறகு குலதெய்வம் எது என்றார். அதற்குப் பிறகு, "வீட்ல கலந்துகிட்டு சொல்றேன் தம்பி" என்று அனுப்பிவிட்டார். சாயங்காலம் இவன் போன் செய்தால், "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாருப்பா" என்கிறார். நேற்றே அட்வான்ஸ் வாங்கியவர் இன்று காலையில் எதற்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார்?

மறுநாள் காலை நானே போனேன். போர்டு அப்படியே தொங்கியது. தங்கச்சி மகனுக்கு வீடு பார்க்கிறேன் என்றேன். "வாங்க டீச்சர், உங்களுக்கு இல்லாததா! நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிடச் சொல்லுங்க" என்றார். தங்கச்சி மகனின் சம்பளம் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. குலதெய்வமும் கேட்கவில்லை. என்னைத் தெரியும் அல்லவா, அது போதும்.

"நேத்து வந்தவன் என் மாணவன்" என்றேன். முகம் மாறியது. "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர், தெருவுல நாலு பேரு பேசுவாங்க" என்றார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என் பள்ளியில் படித்தவர்கள்தான்.

முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். ஒவ்வொரு பாடப்புத்தகத்தின் முன்பக்கத்திலும் தீண்டாமை பாவம், குற்றம் என்று அச்சிட்டிருக்கும். வருடா வருடம் உரக்க வாசிக்க வைப்பேன். இவனும் வாசித்தான், அந்த வீட்டுப் பிள்ளைகளும் வாசித்தார்கள். வாசித்ததோடு சரி.

நான் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 2003இல் எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தபோது ஒரு முஸ்லிம் குடும்பத்தைத் தரகர் அழைத்து வந்தார். "ஆள் வந்தாச்சுங்க" என்றேன். யாரும் வந்திருக்கவில்லை. மாமியார் என்ன சொல்வாரோ, பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று பயம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. வீட்டுக்காரர் பயப்படுகிற அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி.

"என் வீடு, என் இஷ்டம்" என்று பின்னூட்டத்தில் வருவீர்கள். உங்கள் வீடுதான். ஆனால் தெருவைப் பார்த்து டூலெட் போர்டு மாட்டிய பிறகு அது தொழில். வாடகை தர முடியுமா, எத்தனை பேர், ஆதார் இருக்கிறதா, எங்கே வேலை என்று கேளுங்கள், நியாயம். குலதெய்வம் வாடகை தருமா?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று இடங்களைப் பட்டியல் போடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எழுது, பதிவு செய் என்கிறது. சாதி பார்த்து, மதம் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அதில் ஒரு வரி இல்லை. அமெரிக்காவில் 1968லேயே சட்டம் போட்டார்கள். இனத்தையோ மதத்தையோ மனதில் வைத்து, காலியாக இருக்கும் வீட்டை "காலி இல்லை" என்று சொல்வதே அங்கே சட்டவிரோதம். எல்லாச் சாதிக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கொடுத்து சமத்துவபுரம் கட்டிய மாநிலம் இது. நம்மால் அந்த ஒரு வரியைச் சேர்க்க முடியாதா?

அதுவரை வீடு தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இது.

யாரும் உங்கள் முகத்துக்கு நேரே சாதியைச் சொல்லி மறுக்க மாட்டார்கள். எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, என்ன ஆளுங்க என்று கேள்வி வரும். பெயரைக் கேட்டதும் வாடகை ஏறும், அட்வான்ஸ் இரண்டு மடங்காகும். நீங்கள் சைவம் என்றாலும் "சைவம் மட்டும்" என்பதில் அடங்க மாட்டீர்கள். நேற்று வரை இருந்த வீடு இன்று "பையன் வர்றான்" என்று ஆகிவிடும்.

அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், கேட்ட கேள்வி, சொன்ன பதில். டூலெட் போர்டைப் போட்டோ எடுங்கள். தரகரின் வாய்ஸ் நோட்டையும் வாட்ஸப் செய்தியையும் அழிக்காதீர்கள். நான் செய்தது போல வேறு ஒருவரை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்தால் பொய் தெரிந்துவிடும்.

பட்டியல் சாதி, பழங்குடியினரை நாலு பேர் பார்க்கும்படி சாதிப் பெயர் சொல்லித் திட்டினாலோ, சேர்ந்து ஒதுக்கி வைத்தாலோ, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம். முதல் தகவல் அறிக்கை பதிய "விசாரிச்சிட்டுச் சொல்றோம்" என்று காவல் நிலையத்தில் இழுக்க முடியாது. 2018இல் திருத்தம் வந்துவிட்டது. உதவிக்கு 14566 என்ற எண் இருக்கிறது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இருக்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மதம் பார்த்து மறுத்தால் இந்தச் சட்டம் வராது. மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கு எழுதுங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் நடக்கும், அங்கேயும் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

வீடு கிடைத்துவிடுமா என்றால், அந்த வீடு கிடைக்காது. ஆனால் மனுக்கள் குவிந்தால்தான் சட்டத்தில் அந்த ஒரு வரி வரும். அவமானம் என்று நாம் வாயை மூடிக்கொண்டால், இந்த ஊரில் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

என் மாணவன் இப்போது பக்கத்து டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறான். நைட் டூட்டி முடிந்தால் விடிந்த பிறகுதான் வீடு. உங்கள் ரத்தத்தைப் பரிசோதிக்க அவன் வேண்டும். உங்கள் மாடியில் குடியிருக்க வேண்டாமா?

எங்கள் மாடியில் இருப்பவர்கள் தை மாதம் காலி செய்கிறார்கள். அவனிடம் சாவியைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். தெருவில் நாலு பேர் பேசட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.