பழுப்பு நிறத்தில் ஒரு நரிக்குடி

பழைய ஃபிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிராமங்களின் அன்றாட வாழ்வைப் படம்பிடிக்கும் மோகம் சில ஆண்டுகளாக நம் இலக்கியச் சூழலிலும் பரவிவருகிறது. யாஷிகா, ஜெனித், பென்டாக்ஸ் கே1000 எனத் தேடிப்பிடித்து வாங்கப்பட்ட கருவிகளோடு நண்பர்கள் வருகிறார்கள். நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்க்கரை, ஆட்டுக்கிடை, வத்தல் காயும் களம், சீமைக்கருவேலங் கட்டையை அடுக்கி மண்பூசிய கரிமூட்டம் ஆகியவற்றைச் சுருளில் பதித்துக்கொண்டு திரும்புகிறார்கள். சில வாரங்களில் அவை மங்கிய நிறத்திலும் கருப்பு வெள்ளையிலும் கண்காட்சிச் சுவருக்கோ சிறுபத்திரிகையின் அட்டைக்கோ வந்து சேர்கின்றன. 'மண்ணின் ஆன்மா', 'மறைந்துவரும் வாழ்வு' என்று தலைப்பும் இடப்படுகிறது. இப்படங்களிற் பெரும்பாலானவை கிராமத்தை ஆவணப்படுத்தவில்லை என்பதே என் வாதம். உயிரோடிருக்கும் ஓர் ஊரை இறந்துபோன ஊராக அவை காட்டுகின்றன.

ஃபிலிம் என்ற ஊடகத்தின் மீது எனக்குப் பகையில்லை. ஒரு சுருளில் முப்பத்தாறு படங்கள், அல்லது பெரிய சுருளானால் சதுரத்தில் பன்னிரண்டு படங்கள் என்னும் கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்வது ஒரு நல்ல பயிற்சி. கையால் அச்சிட்ட கருப்பு வெள்ளைப் படத்தின் அழகையும் எவரும் மறுக்க முடியாது. ஆனால் இந்நண்பர்கள் அழகோடு நிறுத்திக்கொள்வதில்லை. பழைய கருவி பொறுமையைக் கற்பிக்கிறது, அது பொய் சொல்லாது, அதன் நிறமே கிராமத்துக்குப் பொருந்துகிறது, அழியுமுன் பதிவுசெய்ய இதுவே வழி என்று அறம் சார்ந்த நான்கு உரிமைகளைக் கோருகிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

நான்காவதிலிருந்தே தொடங்கலாம். எது அழிகிறது? நரிக்குடி ஒன்றியத்தின் எந்தச் சிற்றூருக்குள் நுழைந்தாலும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் தண்ணீர்க்குடம் போகிறது. 2006க்குப் பின் அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியும் 2011க்குப் பின் கொடுத்த மிக்ஸியும் மின்விசிறியும் வீடுகளுக்குள் வந்தன. ஆடு மேய்ப்பவர் கையில் செல்பேசி இருக்கிறது. விருதுநகர் மாவட்டம் 2018இல் இந்தியாவின் முன்னேற விழையும் மாவட்டங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் சேர்ந்ததே இன்றைய ஊர். பழைய கேமராக்காரர் சட்டகத்திலிருந்து விலக்குவது சரியாக இவற்றைத்தான். எக்ஸ்.எல். வண்டி சற்றுத் தள்ளி நிறுத்தப்படுகிறது. செல்பேசி இடுப்பில் செருகப்படுகிறது. எஞ்சியது சுருக்கம் விழுந்த முகம், மண்சுவர், ஒற்றைப் பனை. அழியும் வாழ்வைக் காப்பாற்றுவதாகச் சொல்பவர், நடக்கும் வாழ்வை முதலில் அழித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார்.

மானுடவியல் அறிஞர் யோஹன்னஸ் ஃபேபியன் 1983இல் எழுதிய நூலில் இந்த நோயை அடையாளம் காட்டினார். ஆய்வாளனும் ஆய்வுக்குள்ளாகும் மனிதனும் ஒரே நாளில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். எழுதும்போது மட்டும் அந்த மனிதன் வேறொரு காலத்துக்குத் தள்ளப்படுகிறான் என்றார் அவர். மானுடவியலாளன் இதைச் செய்ய நூறு பக்கம் எழுத வேண்டும். காலாவதியான ஒரு ஃபிலிம் சுருள் நொடியில் செய்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, நரிக்குடி போன்ற ஊர்களின் அன்றாட வாழ்வு அண்மை ஆண்டுகளில் இடைவிடாமல் படம்பிடிக்கப்பட்டது வேறிடத்தில். நூறுநாள் வேலைத் தளங்களில் என்.எம்.எம்.எஸ். என்னும் கைபேசிச் செயலி வழியாக வருகையைப் பதிவதை ஒன்றிய அரசு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. கண்மாய்க்குள் மண்வெட்டும் பெண்களைப் பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளில் இருமுறை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, இடமும் நேரமும் பதிய அனுப்ப வேண்டியிருந்தது. அலைவரிசை கிடைக்காமல் படம் ஏறாவிட்டால் கூலிக்கே ஆபத்தாக இருந்தது. தொடர்பற்ற படங்களும், படத்தையே திரும்பப் படமெடுத்த படங்களும் பதிவேற்றப்படுவதாக 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஒரு முகம் சட்டகத்துக்குள் விழுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு வீட்டின் சாப்பாடு அமையும் நிலையை விட நம் காலத்து ஒளிப்படக் கலைக்குப் பெரிய பொருள் என்ன இருக்க முடியும்? இந்த வரிசையைத் தேடிப் போன ஃபிலிம் கேமரா எதையும் நான் பார்த்ததில்லை. 2025-26இல் தமிழ்நாட்டில் அத்திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஒரு வண்ணச் சுருளின் விலை ஏறத்தாழ மூன்று நாள் கூலி என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது நிறம். 'ஃபிலிமின் இயல்பான வெதுவெதுப்பு' என்று போற்றப்படும் அந்த நிறம் இயற்கையானதன்று. அதற்கொரு வரலாறு உண்டு. கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் படம் சரி. கருந்தோலின் நுட்பங்கள் அதில் இருண்டு தேய்ந்தன. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், கறுப்பின மக்களின் முறையீட்டை விட, மரச்சாமான், சாக்லேட் நிறுவனங்களின் முறையீடே மாற்றத்துக்கு முதலில் வழிவகுத்தது என்று காட்டுகிறார். இன்றைய சுருள்கள் மேம்பட்டவை என்பது உண்மைதான். ஆனால் நம் நண்பர்கள் தேடி அலைவது பழைய, காலாவதியான சுருள்களை. வெயிலில் கறுத்த நம் மக்களின் முகம் நிழலுக்குள் கரைந்துபோவதைப் 'பழமையின் அழகு' என்று விளக்கும்போது, அந்த அட்டையின் தீர்ப்பையே அறியாமல் வழிமொழிகிறார்கள்.

பொய் சொல்லாது என்பது மூன்றாவது வாதம். 1876-78இன் சென்னை மாகாணப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக நின்றவர்களைக் குழுவாக அமர்த்திப் படமெடுத்தவர் டபிள்யூ.டபிள்யூ. ஹூப்பர் என்ற படை அதிகாரி. எவரை முன்னே உட்காரவைப்பது, எவரைச் சாய்த்துக் கிடத்துவது என்பதெல்லாம் அந்தக் கண்ணாடித் தகடுகளில் திட்டமிட்டே அமைந்தவை. அதே மனிதர் பின்னர் மாண்டலேயில் துப்பாக்கியால் சுட்டு நிறைவேற்றப்பட்ட மரண தண்டனையைப் படம்பிடிக்க முயன்று விசாரணைக்கு ஆளானார். நம் காலத்துக்கு வந்தால், கோடாக்குரோம் ஃபிலிமில் ஆலையிலிருந்து வந்த கடைசிச் சுருளைப் பெற்ற ஸ்டீவ் மெக்கரி 2010இல் அதன் ஒரு பகுதியை இந்தியாவில்தான் செலவிட்டார். ராஜஸ்தானத்து ரபாரி மக்களும் அதில் பதிவானார்கள். அவருடைய வேறு சில படங்களில் கணினியால் மனிதர்களும் பொருள்களும் நீக்கப்பட்டிருந்தது 2016இல் வெளிப்பட்டது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மீது பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பதென்பது அன்றாட வேலை. பொய்யும் மெய்யும் எடுப்பவரிடம் இருக்கின்றன, சுருளில் இல்லை.

இந்தப் பகுதி மக்களுக்கு வெளியாரின் பதிவு என்றால் என்னவென்று தெரியும். குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட பின், ஆப்பநாட்டு மறவர்களும் பிரமலைக் கள்ளர்களும் ரேகை வைக்கக் காவல் நிலையங்களில் வரிசையில் நின்றார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் மனிதர்கள் பெயரின்றிச் சாதி மாதிரிகளாகப் படங்களில் நிற்கிறார்கள். இன்றைய கண்காட்சியில் 'ஆடு மேய்க்கும் முதியவர், நரிக்குடி' என்று எழுதித் தொங்கவிடப்படும் படம் எந்த மரபைச் சேர்ந்தது என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

எஞ்சியது பொறுமை. நால்வகை வாதங்களில் மதிக்கத்தக்கது இதுவே. ஆனால் அந்தப் பொறுமையின் உண்மையான வாரிசு நம் சிற்றூர்களின் பழைய ஸ்டூடியோக்காரர். பஸ் பிடித்துத் திருச்சுழிக்கோ அருப்புக்கோட்டைக்கோ போய், தலைவாரிப் பவுடர் பூசி, வரைந்த திரைச்சீலைக்கு முன் நேராக நின்று, இரு கைகளும் இரு கால்களும் தெரிய எடுத்துக்கொண்ட படம் அது. எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் படத்தில் இருப்பவரே முடிவு செய்தார். கிறிஸ்டோபர் பின்னி மத்தியப்பிரதேசத்தின் நாக்தாவை ஆராய்ந்து 1997இல் எழுதிய நூலில், நிழலும் வெளிச்சமுமாகத் தான் எடுத்த பாதி உருவப் படம் எடுக்கப்பட்டவருக்குப் பிடிக்காமற்போனதைப் பதிவுசெய்கிறார். முழு உருவமும் தெளிவாக, நேராக வரவேண்டும் என்பது அவர் விருப்பம். நம்மூர்ப் பாட்டியும் அதையே கேட்பாள். 'சேலை மாத்திட்டு வாரேன், இருப்பா' என்று அவள் உள்ளே போகும்போது, 'வேண்டாம் பாட்டி, இப்படியே நல்லா இருக்கு' என்று தடுப்பவருடைய பொறுமை எவருக்காக?

அந்த ஸ்டூடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகள் எங்கே? கணினி வந்ததும் பல எடைக்குப் போயின. பல கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி மின்வடிவில் பாதுகாத்தது. ஒரு நிறுவனத்தால் எல்லா ஊருக்கும் போக முடியாது. 1960இல் உதகையில் தொடங்கப்பட்டு 'இந்து' என்ற பெயரில் நமக்கென்று ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. இவற்றுக்காக ஒரு வரி எழுதாதவர்கள், ஏலத்தில் வாங்கிய கேமராவின் மணியோசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

இதில் இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் பங்குண்டு. பூமணியின் 'பிறகு' 1979இல் வந்தபோது அது தன் காலத்துச் சிற்றூரின் சாதியையும் உழைப்பையும் பேசியது, ஏக்கத்தை விற்கவில்லை. அப்படிப்பட்ட எழுத்தின் வழிவந்த நாவல்களுக்குத்தான் பெயரில்லாத கிழவியின் கருப்பு வெள்ளை முகத்தை அட்டையாக ஒட்டுகிறோம். அந்தக் கிழவியிடம் ஒரு படியையேனும் சேர்ப்பித்த பதிப்பாளர் எத்தனை பேர்? டோரதியா லாங் 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' உலகப் புகழ் பெற்றது. படத்திலிருந்தவர் ஃபுளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகுக்குத் தெரிய 1978 ஆயிற்று. தனக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை, அப்படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றார் அவர். நாற்பத்திரண்டு ஆண்டு!

ஆகவே ஃபிலிம் கேமரா நண்பர்களிடம் நான் கேட்பவை சில. வாருங்கள், ஆனால் எடுத்தவரின் பெயரைப் போலவே எடுக்கப்பட்டவர் பெயரும், அவர் இசைந்தால், நாளும் இடமும் சேர்த்துப் படத்தின் கீழ் இருக்கட்டும். எக்ஸ்.எல். வண்டியை நகர்த்தாதீர்கள். சேலை மாற்றிவரும் வரை காத்திருங்கள். ஒரு சுருள் கழுவினால் ஒரு படி அந்த வீட்டுக்குப் போகட்டும். இருட்டறை வேலை தெரிந்த கைகள் இன்று அரிது. அந்தக் கைகளைக் கொண்டு மூடிக்கிடக்கும் ஒரு ஸ்டூடியோவின் நெகட்டிவ்களைத் துடைத்து, அச்சிட்டு, உரியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். இதில் எதற்கும் நேரமில்லையென்றால் கிராமத்தின் ஆன்மா என்ற சொல்லையாவது விட்டுவிடுங்கள். உங்கள் கேமராவைப் பற்றிய படங்கள் என்று சொல்லியே கண்காட்சி வையுங்கள், நாங்களும் வந்து பார்க்கிறோம்.