ஆயிரம் தட்டு போதும்

பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் எல்லோருக்கும் பிடிக்கும் பாட்டை வெளியிடுகின்றன. சின்னக் கம்பெனிகள் யாரோ ஒருவருக்குப் பிடித்த பாட்டை வெளியிடுகின்றன. அந்த ஒருவர் பெரும்பாலும் பிடிவாதக்காரராக இருப்பார், கடன்காரராகவும் இருப்பார். ராக் இசையில் கராஜ், சைக்கடெலிக், பங்க் என்று மூன்று முரட்டுப் பிரிவுகள் உண்டு. மூன்றும் இன்று வரை பிழைத்துக் கிடப்பது இந்த ஆசாமிகளின் தயவில்தான்.

பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். கராஜ் என்பது அறுபதுகளில் கார் ஷெட்டில் டிரம்ஸையும் கிதாரையும் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் தூக்கத்தைக் கெடுத்த அமெரிக்கப் பையன்களின் இசை. சைக்கடெலிக், போதை மயக்கத்தையும் கனவையும் ஒலியாக்கப் பார்த்தது. நம் சிதாரைத் தாராளமாகக் கடன் வாங்கியது. பங்க், எழுபதுகளின் நடுவில் வந்த கோபக்காரத் தம்பி. வேகம், சத்தம், சுருக்கம். மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று: முழுத் தேர்ச்சி வந்த பிறகு மேடையேறலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. அரங்கேற்றத்துக்காக வருஷக்கணக்கில் பொறுமை காக்கும் நமக்கு இது சற்று அதிர்ச்சிதான்.

எனக்குப் பிடித்த கம்பெனிகள் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் நியூ ஹார்மோன்ஸ். இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு, வீட்டாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் நான்கு பாட்டுகள் கொண்ட ஸ்பைரல் ஸ்கிராட்ச் என்ற தட்டைத் தானே வெளியிட்டது. அதற்காகச் சூட்டிய கம்பெனிப் பெயர்தான் இது. அழுத்தியது 1,000 தட்டு. அதுவே கையைக் கடிக்கும் என்று பயந்தார்கள். விற்றது ஏறக்குறைய 16,000. லண்டன் கம்பெனிகளின் வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை என்பது அன்றைக்கு நாட்டிலுள்ள கிதார்ப் பையன்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

அடுத்தது வாஷிங்டனின் டிஸ்கார்ட். 1980-ல் டீன் ஐடில்ஸ் என்ற குழு கலைந்தபோது கச்சேரிகளில் சேர்ந்த சில நூறு டாலர் கையில் இருந்தது. பங்கு பிரித்துக்கொள்ளாமல் தங்கள் பாட்டை 1,000 தட்டாக அழுத்தினார்கள். உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் போடுவதில்லை என்பது டிஸ்கார்டின் வழக்கம். பேச்சே பத்திரம். நம் பழைய செட்டியார் கடை வியாபாரம் போல.

சியாட்டிலின் சப் பாப் மூன்றாவது. நிர்வாணா குழுவின் முதல் ஆல்பமான ப்ளீச்சை 1989-ல் வெளியிட்டது அதுதான். ஒலிப்பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மேன். ஆல்பத்தில் அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. ஆனாலும் உறையில் கிதார் கலைஞர் என்று பெயரும் படமும் போட்டார்கள். நன்றிக்கடன்.

சின்னக் கம்பெனிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புதைந்ததைத் தோண்டி எடுப்பது. 1972-ல் லென்னி கே என்ற இளைஞர், அதற்குள் மறந்தே போயிருந்த அறுபதுகளின் கராஜ் பாட்டுகளைப் பொறுக்கி நகெட்ஸ் என்ற இரட்டை எல்.பி.யாகத் தொகுத்தார். அதை வெளியிட்ட எலெக்ட்ரா பெரிய கம்பெனிதான். ஆனால் அந்தத் தொகுப்பைக் கேட்டு வளர்ந்த பித்தர்கள் பிறகு உலகமெங்கும் சின்னக் கம்பெனிகள் தொடங்கி, பரண்களையும் பழைய கடைகளையும் துழாவ ஆரம்பித்தார்கள். அந்தக் கை நம் பரணுக்கும் வந்தது.

நம் பரணில் என்ன இருந்தது? 1970-லும் 1971-லும் சிம்லா என்ற சிகரெட்டின் விளம்பரத்துக்காக அகில இந்திய அளவில் பீட் குழுக்களுக்குப் போட்டி நடத்தியது ஒரு புகையிலைக் கம்பெனி. தேர்வான குழுக்களின் பாட்டுகள் சிம்லா பீட் என்ற பெயரில் வருஷத்துக்கு ஒரு எல்.பி.யாக வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், நம் சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ் உள்ளிட்ட குழுக்கள் அதில் இருக்கின்றன. சபாக்களும் சினிமாக் கொட்டகைகளும் மட்டுமே சென்னை என்று நினைப்பவர்கள் கன்ஃப்யூஷன்ஸின் கிதார் உறுமலை ஒருமுறை கேட்க வேண்டும். சிகரெட் விற்றது. போட்டி நின்றது. தட்டுகள் காணாமல் போயின.

இரண்டையும் தேடிப் பிடித்து மறுபடி வெளியிட்டது க்யூ.டி.கே. மீடியா. கொல்கத்தாவிலோ மும்பையிலோ அல்ல, ஜெர்மனியில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனி. இன்று நம் பையன்களுக்கு அந்தப் பாட்டு கேட்கக் கிடைக்கிறது என்றால் அந்த வழியாகத்தான்.

இது தனிக்கதை அல்ல. பம்பாய் சினிமா ஸ்டூடியோக்களில் கிதார் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை மின்னணுக் கருவிகளில் டிஸ்கோ தாளத்தோடு வாசித்து ஒரு எல்.பி. பதிவு செய்தார். யாரும் சீந்தவில்லை. அதில் ஒரு பிரதி 2002-ல் டெல்லியில் எடோ பவுமன் என்ற டச்சுக்காரர் கையில் சிக்கியது. அவரது சின்னக் கம்பெனி 2010-ல் அதை மறுபடி வெளியிட்டபோது ஐரோப்பிய இளைஞர்கள் அசந்து போனார்கள். தாங்கள் ஆசிட் ஹவுஸ் என்று கொண்டாடும் இசைக்குச் சில வருஷம் முன்னாலேயே ஒரு இந்தியர் அதே ஒலியைத் தொட்டிருக்கிறாரே! எழுபது வயதில் அவர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-ல் காலமானார். மறுபதிப்பு ஐந்தாறு வருஷம் தாமதித்திருந்தால் அந்தக் கைதட்டல் அவர் காதில் விழுந்திருக்காது.

இளையராஜாவின் எழுபது, எண்பதுகளின் துள்ளலான பாட்டுகளை சொல்ல சொல்ல என்ற தலைப்பில் தொகுத்ததும் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனிதான். நம் வீட்டுக் கல்யாணத்தில் முழங்கிய பாட்டு எவ்வளவு விசித்திரமானது என்று மான்செஸ்டர்க்காரர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே சின்னக் கம்பெனிகளே இருந்ததில்லையா? இருந்தன. 1930களின் தொடக்கத்தில் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மன் ஓடியன் கம்பெனிக்காகப் பாட்டும் நாடகமும் பதிவு செய்து விற்றது. ஏ.வி.எம். என்ற மூன்றெழுத்து சினிமாவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 1932-ல் கல்கத்தாவில் சண்டிசரண் சாஹா தொடங்கிய ஹிந்துஸ்தான் ரெக்கார்ட்ஸில்தான் சைகல் பாட ஆரம்பித்தார். இலங்கையில் ஜெரால்ட் விக்ரமசூரியவின் சூரிய லேபிள் சிங்களப் பாப் இசைக்கு ஒரு காலத்தையே உருவாக்கியது. அதே காலத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பொப்பிசையைக் கொண்டுவந்தார்கள். அந்த அலை கடல் தாண்டி நம் கரைக்கும் வந்தது.

ஆனால் இந்தியாவில் ஒரு முடிச்சு இருந்தது. பாட யாராலும் முடியும். தட்டு அழுத்த ஆலை வேண்டும். பல காலம் அது கிராமபோன் கம்பெனியின் டம்டம் ஆலைதான். போட்டிக் கம்பெனிகள் பலவும் தட்டுக்காக அங்கேயே போய் நின்றன. எண்பதுகளில் கேசட் வந்து முடிச்சை அவிழ்த்தது. சந்துக்குச் சந்து கேசட் கம்பெனிகள் முளைத்தன. பக்திப் பாட்டு, கானா, நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் கடைக்கு வந்தன. திருட்டுக் கேசட்டும் கூடவே வந்தது.

பெரிய கம்பெனிகள் பழையதைக் காப்பாற்றவில்லை என்று சொல்ல முடியாது. கிராமபோன் கம்பெனி 2000-ல் சரிகம என்று பெயர் மாறியது. 2017-ல் அது கொண்டுவந்த கார்வான் என்ற பெட்டியில் 5,000 பாட்டு இருந்தது. தாத்தா பாட்டிகள் மகிழ்ந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த 5,000 பாட்டு. யாருக்கும் தெரியாத பாட்டுக்கு அந்தப் பெட்டியில் ஏது இடம்?

அந்தப் பாட்டுகள் எங்கே இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். சென்னையிலிருந்து வடக்கே போய், தடாவில் மேற்கே திரும்பினால் வரதய்யபாளையம். முன்பு சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படும் பகுதி. அங்கே ஒரு மைக் செட் கடையில் பழைய இசைத்தட்டுகளைப் பார்த்தேன். தமிழ்த் தட்டும் தெலுங்குத் தட்டும் கலந்து கிடந்தன. லேபிள் மேலேயே பெயின்ட்டில் கடையின் நம்பர். சில வெயிலில் அப்பளமாக வளைந்திருந்தன. சிலவற்றின் கம்பெனிப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கடைக்காரர் அவற்றை எறியாமல் வைத்திருந்ததற்குச் சொன்ன காரணம் எளிமையானது: “காசு கொடுத்து வாங்கினதுங்க.” நம் இசை ஆவணக் காப்பகங்களில் பல இப்படிப்பட்ட காரணத்தால் மட்டுமே உயிரோடு இருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? ஒலிப்பதிவு வெளியான வருஷத்துக்கு மறுவருஷத்திலிருந்து 60 ஆண்டு அதற்குக் காப்புரிமை. 1970-ல் வந்த சிம்லா பீட் தட்டின் ஒலிப்பதிவு 2031 ஜனவரியில் பொதுச்சொத்தாகும். பாட்டை எழுதி மெட்டமைத்தவர் உரிமை தனி. அது அவர் ஆயுளுக்கும் அதன் பிறகு 60 ஆண்டுக்கும் நீடிக்கும். நியாயம்தான். ஆனால் நாடாவில் பூஞ்சை பூப்பது சட்டப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு அல்ல. உரிமை கைக்கு வரும் நாளில் பாட்டு இருக்காது. உரிமை வைத்திருப்பவர் வெளியிடுவதில்லை. வெளியிட ஆசைப்படுபவருக்கு உரிமை இல்லை. இந்த இடைவெளியில்தான் வெளிநாட்டுப் பித்தர்கள் புகுகிறார்கள். அவர்கள் எல்லோரும் புண்ணியவான்கள் என்றும் சொல்ல மாட்டேன். வாசித்தவருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பது ஒவ்வொரு மறுபதிப்பைப் பார்த்தும் கேட்க வேண்டிய கேள்வி.

புதிய பாட்டுக்கு இன்று ஆலையும் வேண்டாம், கடையும் வேண்டாம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தும் டென்மாவும் 19 பேரோடு மேடையேற்றிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்து சாதியைக் கேள்வி கேட்டது. டிஸ்கார்ட்காரர்கள் கேட்டால் எங்கள் ஆட்கள் என்பார்கள். கோபம் உள்ள இடத்தில் பாட்டு வந்துவிடும். அதற்குக் கவலை இல்லை.

கவலை பழையதைப் பற்றித்தான். அதற்கு அரசாங்கமோ கோடீஸ்வரரோ தேவையில்லை. ஒரு நல்ல காது, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒரு இன்ஜினியர், உரிமைக்காரரையும் கலைஞர் குடும்பத்தையும் தேடிப் போய்ப் பேசும் பொறுமை, 1,000 பிரதிக்குப் பணம். மும்பையில் 2024-லிருந்து மீண்டும் தட்டு அழுத்துகிறார்கள் என்பதால் டம்டம் சாக்கும் இனி செல்லாது. தமிழ்நாட்டில் பிடிவாதக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவர் கொஞ்சம் கடன் வாங்கத் துணிந்தால் போதும். வரதய்யபாளையத்துக்கு வழி சொல்ல நான் தயார்.