கடன் தீர்த்தால்தான் வாக்கா?

அமெரிக்க மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பலர், மன்றம் கூடும் காலத்தில் தம் தொகுதி மக்களுக்கு வாரந்தோறும் மடல் விடுக்கின்றனர். நல்ல வழக்கந்தான். ஆனால் குற்ற மசோதாவும் தேர்தல் மசோதாவும் அதில் ஒரே மூச்சில் வரும்போது நாம் சற்றே நின்று படித்தல் வேண்டும்.

புளோரிடாவையே எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பரில் அம்மாநில மக்கள் தம் அரசியல் சாசனத்தைத் திருத்தினர். கொலையும் பாலியல் குற்றமும் நீங்கலாக, பிற பெருங்குற்றங்களுக்கான தண்டனையை முடித்தவர்க்கு வாக்குரிமை மீளும் என்றனர். 60 விழுக்காடு வேண்டியிருந்த இடத்தில் 64 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு! பயன் பெறுவோர் சுமார் 14 லட்சம் பேர் என மதிப்பிடப்பட்டது.

சட்டமன்றம் செய்தது என்ன? அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் இழப்பீடும் செலுத்தி முடிக்காதவரை தண்டனை முடிந்ததாகாது என 2019-இல் சட்டம் இயற்றிற்று. திருத்தத்தின் வாசகத்திலேயே அப்பொருள் அடங்கியுள்ளது என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும். பறிகொடுத்தவனுக்கு ஈடு செய் என்பதில் நியாயமுண்டு. ஏழையின் நீதிமன்றக் கட்டணத்தை வாக்குச் சீட்டோடு முடிச்சுப் போடுவதில் என்ன நியாயம்? அதிலும், யார் எவ்வளவு பாக்கி என்று காட்ட மாநிலத்தில் ஒரே கணக்கேடுகூட இருக்கவில்லை!

2020 மே மாதம் கீழ்நீதிமன்றம் இதனைச் சாடியது. செப்டம்பரில் மேல்முறையீட்டு மன்றம் 6-க்கு 4 என்ற கணக்கில் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2022 ஆகஸ்டில், முறைகேடாக வாக்களித்தனர் என 20 பேர் மீது நடவடிக்கை எடுத்ததாக ஆளுநர் அறிவித்தார். அவர்கள் கொலை, பாலியல் வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள், உரிமை மீளாதவர்களே. ஆயினும் அவர்களுள் பலர்க்கு வாக்காளர் அட்டை அனுப்பியது தேர்தல் அலுவலகமே என்பதை எந்த வார மடலில் எழுதுவார்கள்?