நீரில் உறையும் நெருப்பு

கடலின் நடுவே வடவைத்தீ என்றொரு நெருப்பு உறைகின்றது என்பது நம் முன்னோர் கொண்டிருந்த நம்பிக்கை. நீருக்குள் நெருப்பா என்று நகைப்பவர் நகைக்கட்டும். இரசாயனம் கற்றோர் நகையார். நீரின் நிறையில் ஒன்பதில் ஒரு பங்கு ஐதரசன். அவ்வாயு நன்கு எரியும். எரிந்தபின் மீண்டும் நீராகுமேயன்றிக் கரியைக் கக்குவதில்லை.

2022ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் அரிதாகி, வாவியிலும் கடலிலும் தொழில் செய்வோர் தம் இயந்திரப் படகுகளைக் கரையேற்றிவிட்டு வரிசையில் நின்ற நாட்களை மட்டக்களப்பு வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். "ஐயா, இவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே, இதைக்கொண்டு எஞ்சினை ஓட்ட வழியில்லையா?" என்று அக்காலத்தில் எம்மிடம் வினவியோர் பலர். வினாவில் பேதைமை யாதுமில்லை. ஆயினும், 1996இல் தமிழ்நாட்டில் மூலிகைப் பெற்றோல் என்று எழுந்த ஆரவாரம் எவ்வாறு முடிந்தது என்பதை அறிந்தவர்கள், இத்தகைய பேச்சைச் சற்று நிதானத்தோடு கேட்பது நன்று.

நீர் எரிபொருளன்று, எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமாயின், விறகு எரிந்தபோது வெளிவந்த சக்தியையேனும் திரும்பக் கொடுத்தாகவேண்டும். ஒரு படகு நாளொன்றுக்கு 20 லீற்றர் மண்ணெண்ணெய் குடிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஈடான ஐதரசன் ஏறக்குறைய 6 கிலோகிராம். அதைப் பெற 54 லீற்றர் நீர் போதும். ஒரு வீட்டுக் கிணற்றில் சில வாளிகள். ஆனால் அந்நீரைப் பிரிக்க, இன்றைய மின்பகுப்புக் கலங்களுக்கு 300 கிலோவாற்று மணிக்குக் குறையாத மின்சாரம் வேண்டும். வாவி நீர் உப்பாயிற்றே என்று கவலைப்படுவோருக்கும் ஒன்று கூறுவோம்: 54 லீற்றர் நீரை உப்பகற்றச் செலவாகும் மின்சாரம் அரைக் கிலோவாற்று மணிக்கும் குறைவு. இடர்ப்பாடு அங்கே இல்லை.

இடர்ப்பாடு எங்கே உள்ளது? ஐதரசனைப் பெறுவதில் அன்று, அதன் மறுபாதியாகிய ஒட்சிசனைப் பெறுவதில்தான். கொள்கையளவில் 1.23 வோல்ற்று போதும். நடைமுறையில் அதற்கு மேலும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த மேலதிகம் பெரும்பாலும் வெப்பமாக வீணாகின்றது. ஓர் ஒட்சிசன் மூலக்கூறு பிறக்க இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு இலத்திரன்களைக் கழற்றியெடுத்தல் வேண்டும். ஒன்றைமட்டும் கழற்றிவிட்டு நின்றால், அரைகுறையாக விளையும் துண்டு அருகிலுள்ள யாவற்றையும் சிதைத்துவிடும். எனவே நான்கு இலத்திரன்களையும் ஒவ்வொன்றாக வாங்கித் தன்னிடம் கணக்கு வைத்துக்கொள்ளத்தக்க ஓர் ஊக்கி தேவை.

இவ்விடத்தில்தான் உருத்தேனியம் வருகின்றது. 1844இல் உருசியாவின் கசான் நகரில் கார்ல் கிளவுசு கண்டறிந்து, தம் நாட்டின் இலத்தீன் பெயரைச் சூட்டிய உலோகம் இது. இலத்திரன்களைப் படிப்படியாக இழந்து பல நிலைகளில் நிற்கவல்லது. ஆதலால் மேற்சொன்ன கணக்குப்பிள்ளை வேலைக்கு ஏற்றது. 1982இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தோமஸ் மேயரும் அவர் குழுவினரும், இரண்டு உருத்தேனிய அணுக்களை ஒட்சிசனால் பாலமிட்டு இணைத்த நீலநிறச் சேர்வையொன்று நீரிலிருந்து ஒட்சிசனை விடுவிப்பதைக் காட்டினர். அது சில தடவைகள் வேலை செய்து ஓய்ந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2012இல், சுவீடனில் லிசெங் சன் குழுவினர் ஆக்கிய உருத்தேனிய மூலக்கூறு, வினாடிக்கு 300 தடவைகளுக்கு மேல் அதே வேலையைச் செய்தது. பச்சை இலையின் வேகம் அதுவே. எனினும் அச்சோதனையில் இலத்திரனைப் பறித்தெடுத்தது சூரியன் அன்று, சீரியம் என்னும் விலையுள்ள உப்பு என்பதையும் மறைக்கலாகாது.

ஊக்கி மட்டும் போதாது. ஒளி படும் இடத்துக்கும் ஊக்கி நிற்கும் இடத்துக்கும் இடையே இலத்திரனைச் சுமக்க ஆள் வேண்டும். தான் தாழ்த்தப்பட்டும் ஒட்சியேற்றப்பட்டும் மாறிமாறி, இறுதியில் பழைய உருவையே அடையும் சேர்வைகளைத் தாழ்த்தேற்ற இடையாளர் என்போம். மீன்காரருக்கும் சந்தைக்கும் இடையே நிற்கும் தரகரைப் போன்றவை. ஆனால் தரகு கேட்பதில்லை என்று கூற எமக்கும் ஆசைதான். கேட்கின்றன: ஒவ்வொரு கைமாற்றத்திலும் சிறிது வோல்ற்று குறைகிறது. 2001இல் யப்பானியர், அயடைட்டையும் அயடேற்றையும் இவ்வாறு தூதுவிட்டு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் இருவகைத் தூள்களால் நீரைப் பிரித்தனர். 2013இல் கிளாஸ்கோவில் இன்னொரு பயன் கண்டனர். மொலிப்டினச் சேர்வையொன்று இலத்திரன்களை ஏந்தி வைத்துக்கொள்ள, ஒட்சிசனை ஒரு வேளையிலும் ஐதரசனைப் பிறிதொரு வேளையிலும் பெறலாம் என்பதே அது. இரு வாயுக்களும் கலந்து வெடிக்கும் அபாயம் இதனால் குறைகிறது. மாரிமேகம் வந்து வந்து மறைக்கும் நம் கீழ்க்கரை வெயிலுக்கு இது பொருந்தும் என்பது எம் கருத்து.

நம் நாட்டவரும் இத்துறைக்குப் புதியவரல்லர். 1991இல் கிரெற்சல் சுவிற்சர்லாந்தில் வெளியிட்ட சூரியக் கலத்தில் ஒளியை விழுங்கியது உருத்தேனியச் சாயம். இடையாளாக நின்றது அயடீன் திரவம். அத்திரவத்தின் இடத்தில் திண்மமான செப்பு அயடைட்டை வைத்து, 1995இல் கலமமைத்தவர்கள் கண்டி அந்தனையிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவர்தம் துணைவரும்.

இனி உருத்தேனியத்தின் குற்றத்தையும் கூறவேண்டும். உப்புநீரில் ஒட்சிசனுக்குப் பதிலாகக் குளோரீனையே அது விரைந்து விடுவிக்கும். 1960களிலிருந்து குளோரீன் தொழிற்சாலைகளின் தைத்தேனிய மின்வாய்களுக்கு உருத்தேனிய ஒட்சைட்டுப் பூசுவது இதற்காகவே. ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுத்த நம் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, போரில் அழியுமுன், குளோரீனை விரும்பியே ஆக்கிற்று. வாவியிலோ அது மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. ஆகவே அரைக் கிலோவாற்று மணிச் செலவைப் பார்த்து, வாவி நீரை உப்பகற்றாது கலத்தில் ஊற்ற நினைப்பவர் இதனை அறிதல் வேண்டும்.

உலகம் ஆண்டொன்றில் எடுக்கும் உருத்தேனியம் ஏறக்குறைய 30 தொன். பெரும்பகுதி தென்னாபிரிக்காவிலிருந்து வருவது. வாவிக் கரையின் கண்டல் இலைகளோ, இதே வேலையை நான்கு மங்கனீசு அணுக்களையும் ஒரு கல்சிய அணுவையும் கொண்டு செய்கின்றன. 2011இல் யப்பானியர் அவ்வமைப்பை அணு அணுவாகப் படமெடுத்தனர். அந்த மங்கனீசுக் கூட்டைத் தாங்கும் புரதமும் வெயிலில் பழுதாகவே செய்கிறது. கடும் வெயிலில் ஏறக்குறைய அரைமணிக்கொருமுறை இலை அதனைக் கழற்றி வீசிவிட்டுப் புதியதொன்றைப் பொருத்திக்கொள்கிறது. உருத்தேனிய மூலக்கூறு பழுதானால் பொருத்துவார் இல்லை. இன்றைய ஆய்வுகூடங்களில் அதிக நேரத்தை விழுங்குவது இச்சிக்கலே.