வீட்டுப் பிளானை வைத்தியரிடமும் காட்டுங்கள்!

போன மாசம் ஒரு சாயங்காலம் என் வைத்தியசாலைக்கு ஒரு அண்ணாச்சி வந்தார். மூட்டுவலிக்கு வருஷக்கணக்காக என்னிடம் தைலம் வாங்குகிறவர். நாலு விசைத்தறி வைத்துப் பாடுபட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இப்போதுதான் சொந்தமாக வீடு கட்டப் போகிறார். கையில் சுருட்டிய காகிதம்.

"டாக்டர், இஞ்சினியர் பார்த்தாச்சு, வாஸ்துக்காரர் பார்த்தாச்சு. நீங்களும் ஒரு பார்வை பாத்துருங்க" என்று மேஜை மேல் விரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முன்பக்கம் கார் நிறுத்த இடம். அலங்காரத் தூண்கள். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஹால். அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் படுக்கிற அறை மாடியில்! "அண்ணாச்சி, இந்த இருபது படியை ராத்திரி எத்தனை தடவை ஏறி இறங்குவீங்க?" என்று கேட்டேன். அவர் தன் முழங்காலைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை.

வைத்தியருக்கும் வீட்டுப் பிளானுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது 'நோயில்லா நெறி' என்று ஒரு பாடம் உண்டு. மருந்து கொடுப்பதற்கு முன்னால் நோய் வராத வழியைச் சொல்வதுதான் வைத்தியனின் முதல் வேலை என்பது அதன் சாரம். உண்பது, உறங்குவது, குளிப்பது, குடியிருக்கும் இடம் எல்லாம் அதில் அடக்கம். பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேன். பாஸ் பண்ணினேன். ஆனால் என் சொந்த வீட்டைக் கட்டும்போது கோட்டை விட்டேன்!

என் அம்மாவுக்கு ஒரு வாசல்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் வீடு கட்டியபோது தெருவில் போகிறவர் நின்று பார்க்க வேண்டும் என்று முகப்புக்குத்தான் அதிகம் செலவழித்தேன். குளியலறைக்குக் கண்ணாடி மாதிரி வழவழவென்று டைல்ஸ். வாசல் இரண்டேகால் அடி. உள்ளே இறங்க ஒரு சின்னப் படி. கொத்தனார் கேட்டார், நான்தான் "அது போதும்" என்றேன்.

ஐந்தாவது வருஷம், ஒரு விடியற்காலை, என் அம்மா அந்தப் படியில் சறுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து சக்கர நாற்காலியில் வந்தாள். நாற்காலி குளியலறை வாசல் வரைக்கும் போனது, உள்ளே போகவில்லை. இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. பிறரிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்கக் கூசுகிறவள் அவள். ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்: "நீ கட்டின வீட்டுல எனக்கு ஒரு வாசல் இல்லையேப்பா."

ஊருக்கெல்லாம் நோயில்லா நெறி சொல்கிற வைத்தியன் வீட்டில் இது நடந்தது. அடுத்த வாரமே சுவரை இடித்து வாசலை அகலப்படுத்தினேன். ஆனாலும் அந்த வார்த்தை போகவில்லை.

அதனால் என் முதல் கருத்து இதுதான். வயதானவர் இருக்கிற வீட்டிலும் சரி, நாளைக்கு வயதாகப் போகிறவர் கட்டுகிற வீட்டிலும் சரி, கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் அதை ஒட்டியே ஒரு குளியலறையும் கட்டாயம் வேண்டும். குளியலறை வாசல் மூன்று அடி இருக்கட்டும். படி வேண்டாம், லேசான சரிவு போதும். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை எப்படித் தள்ளுவீர்கள்? நம் பழைய பாணிக் கழிப்பறை உடம்புக்கு நல்லதுதான், ஆனால் முழங்கால் மடங்காதவருக்கு உட்காரும் வகை ஒன்றும் வீட்டில் வேண்டும். மாடிப்படி ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம், பதினோரு அங்குல அகலம் இருந்தால் மூட்டு நன்றி சொல்லும்.

இது என் சொந்தக் கவலை மட்டுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வீடும் உடல்நலமும் பற்றித் தனியாக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நெரிசல், வீட்டுக்குள் வெப்பம், விழுந்து அடிபடுதல், நடமாட முடியாதவர்களுக்கு ஏற்ற வீடு... எல்லாம் அதில் இருக்கின்றன.

ஆடிக் காற்றை ஏன் வெளியே நிறுத்துகிறோம்?

அடுத்தது காற்று. ஆனி, ஆடி மாசங்களில் மேற்கு மலைக் கணவாய் வழியாக நம் பக்கம் வருகிற காற்று ஆளையே தள்ளும். அதை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. வேடிக்கையைப் பாருங்கள்... வெளியே காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிறோம். வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த மின்சாரத்தில் ஏ.சி. போட்டுக்கொள்கிறோம்!

ஒரே ஜன்னல் உள்ள அறை, மூச்சை இழுக்கத் தெரிந்து விடத் தெரியாத ஆள் மாதிரி. காற்று உள்ளே வர ஒன்று, எதிர்ப்பக்கம் வெளியே போக ஒன்று, இரண்டும் வேண்டும். ஜன்னல்களின் மொத்தப் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. நம் ஊரில் ஒரு சிக்கல்: காற்றும் மேற்கிலிருந்துதான், சாயங்கால வெயிலும் மேற்கிலிருந்துதான். வெயில் சாய்ந்து வருவதால் சன்ஷேடு மட்டும் போதாது. அந்தப் பக்கம் ஒரு வேம்பு வையுங்கள். இடமில்லையா? துளை விட்டுக் கட்டிய செங்கல் சுவர் ஒன்று எழுப்புங்கள். காற்று வரும், வெயில் பாதியாகும்.

சங்கரநாராயணர் கோவிலுக்கு வருகிறவர்கள் புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். அந்தப் புற்றைக் கட்டுகிற கரையானுக்குக் காற்றோட்டம் தெரியும். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர், கரையான் புற்றிலிருந்து யோசனை பெற்று 'ஈஸ்ட்கேட்' என்ற பெரிய கட்டடத்தை வடிவமைத்தார். 1996-ல் கட்டி முடித்தார்கள். வழக்கமான ஏ.சி. இல்லாமலே அதில் வெப்பம் தணிகிறது. நாம் புற்றை வணங்குகிறோம், அவர்கள் புற்றிடம் பாடம் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்தே செய்தால் என்ன?

மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்டிக்கொடுக்கத்தான் 1945-ல் இந்தியாவுக்கு வந்தார். அவர் மனைவி ஒரு டாக்டர். 2007-ல் மறையும் வரை, உள்ளூர்ச் செங்கல்லையும் ஓட்டையும் சுண்ணாம்பையும் வைத்து, செலவு குறைந்த, காற்றோட்டமான வீடுகளைக் கட்டினார். நான் சொன்ன துளைச் சுவர் அவருடைய வீடுகளில் நிறைய உண்டு. உடம்பைப் பற்றி யோசித்த மனுஷர் கட்டிய வீடு எப்படி இருக்கும் என்பதற்கு அவை சாட்சி.

கூரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி அதை உங்கள் தலைமேல் இறக்குகிறது. தூக்கம் கெடுகிறது, பித்தம் ஏறுகிறது. 2010-ல் வெப்ப அலையில் அவதிப்பட்ட அகமதாபாத் நகரம் 2013-ல் வெப்பத்தைச் சமாளிக்கச் செயல்திட்டம் போட்டது. கூரைக்கு வெள்ளையடிப்பதையும் பிறகு அதில் சேர்த்துக்கொண்டார்கள். மொட்டைமாடியில் தட்டோடு பதித்து, வருஷா வருஷம் பங்குனியில் சுண்ணாம்பு அடியுங்கள். அதிகச் செலவில்லாத வைத்தியம் இது.

தார்சாவும் அடுக்களையும்

நம் திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில் தார்சா, பட்டாசல், முற்றம், அடுக்களை, அங்கணம், புறவாசல் என்று ஒரு வரிசை இருந்தது. வெயிலில் வந்தவர் தார்சாவில் ஆறி உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே வருவார். முற்றம் வழியாகச் சூடு மேலே போகும். ஆனால் பழசு எல்லாமே நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அந்த அடுக்களையைப் பாருங்கள்! இருட்டு, புகை, ஜன்னலே இல்லை. நம் பாட்டிமார் பலர் இருமியே காலத்தை ஓட்டினார்கள். வீட்டில் அதிக நேரம் நிற்கிறவருக்கு மோசமான இடம். கேஸ் அடுப்பு வந்த பிறகும் தாளிப்புப் புகை போகவில்லை. அடுக்களைக்கு இரண்டு ஜன்னல், மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். சமையல் மேடை, சமைக்கிறவரின் முழங்கைக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே இருக்க வேண்டும். இஞ்சினியர் வழக்கமான அளவைப் போட்டுவிடுவார். உங்கள் வீட்டம்மாவை நிற்க வைத்து அளந்து போடச் சொல்லுங்கள். முதுகுவலி என்று என்னிடம் வருகிற பெண்களில் பலரிடம் நான் கேட்கிற கேள்வி இது.

தறி வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தறிச் சத்தம் காதைக் கெடுக்கும். பஞ்சுத் தூசி நெஞ்சைக் கெடுக்கும். தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திறந்த நடை விடுங்கள். வாசல் தனியாக இருக்கட்டும். குழந்தை படுக்கிற அறையின் சுவர் தறிக்கூடத்துச் சுவராக இருக்கவே கூடாது. இளைப்பு என்று கொண்டுவரும் பிள்ளைகளின் வீடு எப்படி என்று விசாரித்தால், பாதி விடை அங்கேயே கிடைக்கிறது.

தண்ணீர்த் தொட்டியையும் மறக்காதீர்கள். 2012-ல் நம் கடையநல்லூர் பக்கம் டெங்கு படுத்திய பாடு ஞாபகம் இருக்கும். அப்போது நிலவேம்புக் குடிநீரை அரசாங்கமே பரப்பியது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் நிலவேம்பு, தொட்டிக்கு மூடியாகாது! டெங்குக் கொசு சாக்கடையில் அல்ல, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். சம்ப்புக்கும் மேல்தொட்டிக்கும் இறுக்கமான மூடி, குழாய் முனைக்குக் கொசுவலை என்று பிளானிலேயே எழுதிவிடுங்கள்.

வாஸ்து?

வாஸ்து பார்க்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. நம்பிக்கை அவரவர் பாடு. ஆனால் வாஸ்துவுக்காக ஜன்னலை அடைப்பதும், கழிப்பறையை வீட்டின் கடைசி மூலைக்குத் தள்ளிப் பெரியவரை ராத்திரி இருட்டில் நடக்க விடுவதும் சரியில்லை. சாஸ்திரம் மனுஷனுக்காகத்தான்.

"அப்ப மாடியே வேண்டாங்கிறீங்களா டாக்டர்?" என்று அண்ணாச்சி கேட்டார். "கட்டுங்க, பையன் ஏறட்டும். உங்க கட்டில் கீழ இருக்கட்டும்" என்றேன். அலங்காரத் தூண் இரண்டைக் குறைத்தால் கீழே ஒரு குளியலறைக்கான காசு வந்துவிடும் என்று அவரே கணக்குப் போட்டார். பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் இஞ்சினியரிடம் மாற்றச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் வீடு கட்டப் போகிறீர்களா? கோடு போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். பக்கத்தில் வயதை எழுதுங்கள். அதோடு இருபதைக் கூட்டி இன்னொரு வரிசை எழுதுங்கள். அந்த இரண்டாவது வரிசைக்குத்தான் நீங்கள் வீடு கட்டுகிறீர்கள். அந்தத் தாளை இஞ்சினியர் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு முகப்பைப் பற்றிப் பேசுங்கள்.

என் அம்மா இப்போது இல்லை. இடித்துக் கட்டிய அந்த மூன்றடி வாசல் இருக்கிறது. எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. தினமும் காலையில் அந்த வழியாகத்தான் குளிக்கப் போகிறேன்.