பந்தியில் அமர்தல்

தென்மாவட்டக் கிறிஸ்தவர்களின் அன்றாட வாழ்வைப் பற்றி எழுதப் புகுவோர், பெரும்பாலும் சிலுவை, நட்சத்திர விளக்கு, கிறிஸ்துமஸ் கேக் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். சற்று உள்ளே செல்வோர், குருத்தோலை ஞாயிறன்று வீட்டுச் சுவரில் செருகிய ஓலை மறு ஆண்டு விபூதிப் புதனுக்குச் சாம்பலாவதைக் குறிப்பிடுவர். அழகிய வழக்கந்தான். எனினும் இவற்றினும் கனமான சின்னமொன்று அங்கு உண்டு என்பது நம் துணிபு. அது அசனம்.

உணவைக் குறிக்கும் வடசொல் இது. பொதுவழக்கில் அருகிவிட்ட இச்சொல்லை நெல்லை, தூத்துக்குடிச் சீமையின் கிறிஸ்தவர்கள் இன்றும் விடாது வழங்கி வருகின்றனர். கோயில் திருவிழாவிலோ பிரதிஷ்டைப் பண்டிகையிலோ நேர்ச்சையாக வந்த அரிசியும் ஆடும் தேங்காயும் ஒன்றுசேரும். குருவானவர் ஜெபித்தபின் பந்தி தொடங்கும். சோறும் கறிக்குழம்பும், மிஞ்சினால் ஒரு கூட்டும். சுவையில் திருமண வீட்டுக் குழம்பு இதன் அருகில் வராது என்பார் அவ்வூரார். (நாமும் மறுப்பதற்கில்லை.)

இதனை இந்துக் கோயில் அன்னதானத்தின் நகல் என்று சிலர் எளிதாக ஒதுக்கிவிடுவர். இருக்கட்டுமே! வேறொரு பழைய வேரும் இதற்கு உண்டு. கொரிந்து சபையாரைப் பவுலடிகள் கடிந்துகொண்ட காரணங்களுள் பந்தியும் ஒன்று: வசதியுள்ளோர் முந்தி உண்டுவிட, இல்லாதோர் பசித்திருந்தனர்.

தமிழகத்தில் அந்தப் பசிக்குச் சாதி என்னும் பெயர் வந்து சேர்ந்தது. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி, துறவியரைப் போல மரக்கறி உண்டு, உயர்சாதியார் ஏற்கும்படி வாழ்ந்தார். ஊருக்குள் நுழையும் வாயில் உணவே என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆனால் அவ்வாயில் எல்லோருக்கும் திறக்கவில்லை. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை கூடாதென்று சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையில் பலர் சபையைவிட்டே விலகினர். 1847இல் மதுரையின் அமெரிக்க மிஷன் ‘அன்பின் விருந்து’ ஒன்றையே சோதனையாக வைத்தது. உடனுண்ண மறுத்த உபதேசியார் பலர் பணியிழந்தனர். விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொன்ன நாவு, அடுத்தவன் சமைத்த சோற்றுக்குத் திறக்க மறுத்தது! வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்திலோ, ஒரே பீடத்தை நோக்கி இரு சாதியார்க்கு இரு தனிப்பகுதிகள். இடைச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

இப்பின்னணியில் அசனப் பந்தியைக் காண வேண்டும். அண்டையில் அமர்ந்திருப்பவன் யார், கரண்டி யார் கையில் என்று கேளாமல் உண்பது இந்நிலத்தில் சிறிய செயலன்று. அதே ஊரில் கல்லறைத் தோட்டம் பிரிந்தே கிடக்கலாம். மணப்பந்தலில் சாதி முதல் வரிசையில் அமரலாம். அதனை நாம் மறைக்கவில்லை. எனினும் ஒரு நண்பகல் அளவேனும் அது எழுந்து நிற்க நேர்கிறது.

நம்மை உறுத்துவது, பல ஊர்களில் பந்தி மெல்ல மறைந்துவருவதே. நெரிசல், நேரமின்மை, இலைபோட ஆளில்லாமை என்று காரணங்கள் நியாயமாகவே கூறப்படுகின்றன. தூக்குவாளியோடு வரிசையில் நின்று, வாங்கி, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உண்கின்றனர். குழம்பின் சுவை குறையவில்லை. எதிரே அமர்ந்திருக்கத்தான் எவருமில்லை.