காயில் போனால் ஸ்பீக்கரே போச்சா?

காரில் சப்வூஃபர் கரகரவென்று கத்தி அடங்கிவிட்டால், கடைக்காரர் வாயில் வரும் முதல் வார்த்தை "வேஸ்ட் சார், புதுசு போட்டுக்குங்க". அவர் புதுசு விற்பவர், வேறென்ன சொல்வார்?

பெரும்பாலும் எரிவது உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில்தான். காந்தமும் சட்டமும் கல் மாதிரி அப்படியே இருக்கும். ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வையுங்கள். 4 ஓம் காயில் என்றால் சுமார் 3 முதல் 3.5 வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லையா, எங்கோ அறுந்திருக்கிறது. (கோனுக்குப் போகும் பின்னல் கம்பியாக இருந்தால் ஒரு சால்டரிங்கோடு முடிந்தது, அதிர்ஷ்டசாலி!) கோனை இரண்டு கையாலும் சமமாக அமுக்கும்போது உரசினால், காயில் சூட்டில் கோணியிருக்கலாம்.

மைக்செட் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர்களுக்கு இது பழகிய வேலை. பழைய கோனை அறுத்தெடுத்து, காந்த இடுக்கில் இருக்கும் கரியை வழித்து, புதுக் காயிலை நட்டநடுவில் நிறுத்தி ஒட்டி, ஒரு நாள் காயவிட வேண்டும். பொருத்தமான காயில் கிடைக்காத மலிவு மாடலுக்கு மட்டும் புதுசுதான் லாபம்.

ஆனால் ஏன் எரிந்தது என்று பார்க்காமல் ரிப்பேர் செய்வது தண்டச்செலவு. ஆம்ப்ளிஃபையரின் கெயின் குமிழை வால்யூம் என்று நினைத்து முழுசாகத் திருகிவைப்பவர்கள் ஏராளம். சிக்னலின் உச்சி வெட்டுப்பட்டு, காயில் ஆறவே நேரமில்லாமல் சூடேறுகிறது. கெயினைக் குறைக்காமல் புதுசு போட்டால் அதுவும் எரியும். பில் போடச் சொல்வதற்கு முன் டிக்கியைத் திறந்து அந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.